சிலைக்கு அரித்தது

இடது முழங்காலுக்கு நான்கு விரல் கீழே தொடங்கியது.

அவன் அசையவில்லை.

கடற்கரைச் சாலைப் பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலில், தலைப்பாகையும் ஒட்டு மீசையும் கம்பளிக் காலுறையுமாக, ராஜா காலத்துக் காவலாளியின் சிலையாக நிற்பதுதான் அவன் உத்தியோகம். வருகிறவர்கள் எதிரே நின்று குரங்குச் சேட்டை செய்வார்கள். சிரிக்கக் கூடாது. கண் சிமிட்டலாம். மூச்சு விடலாம். நிர்வாகத்தின் பெருந்தன்மை அவ்வளவுதான்.

சிரிப்பை அவன் என்றைக்கோ வென்றுவிட்டான்.

அரிப்பு வேறு ரகம்.

சர்க்கரை வந்த பிறகு கால் தோல் காய்ந்த பனைமட்டை ஆகிவிட்டது. கணைக்காலில் வட்ட வட்டமாகப் பழுப்புத் தழும்புகள். சொறிந்தால் புண். ஆடியில் வந்த புண் தையில்தான் விடைபெறும். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். தூக்கத்தில் கை தன் பாட்டுக்குச் சொறிந்தது. மனைவி இரண்டு கைகளிலும் காலுறையை மாட்டிவிட்டாள். குத்துச்சண்டை வீரனின் தோரணையில் அவன் குறட்டை விட்டான்.

இன்று அந்த மனைவி எதிரே நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் தனக்கோட்டி.

வீட்டிலேயே சொறியாமல் இருக்க முடியாதவன் வேலையில் எத்தனை நாள் தாங்குவான், தன் இரும்புக் கடைக்கு வந்து ஆணி நிறுத்துப் போடட்டும் என்பது மச்சானின் கட்சி. ஒரு மணி நேரம் அவர் எதிரில் அசையாமல் நின்றால் அந்தப் பேச்சே இனி கிடையாது. அசைந்தால் நாளை முதல் கடை.

அவள் எந்தப் பக்கமும் பேசவில்லை.

கடையில் அவன் தனக்கோட்டியின் தங்கச்சி புருஷன். இங்கே அவனைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

மச்சான் தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, காலு அரிக்குதா? நகம் வேணாம். சும்மா விரல் நுனியால, லேசா. யாருக்குத் தெரியப்போவுது?”

அரிப்பு அதைக் கேட்டுக்கொண்டது. மேலே ஏறியது.

அவன் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர் மாதிரி நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடும். வா, என்றான் மனதுக்குள். உட்கார். காப்பி மட்டும் கிடையாது.

அது வலது காலைப் பார்த்தது. இடுப்பைச் சுற்றி வந்தது. கழுத்து மடிப்பின் கறுத்த தோலில் எறும்பு ஊர்வலம் நடத்தியது. ஒட்டு மீசைக்குள் வியர்வை இறங்கியது.

மச்சான் விடவில்லை. கொசு கடித்த இடம், கம்பளி உரசும் இடம், முதுகில் கை எட்டாத அந்த ஒரே இடம் என்று ஒவ்வொன்றாக விவரித்தார். சொறிந்து முடிக்கும்போது வருமே, கண் சொருகும் அந்தச் சுகம், அதையும் விவரித்தார். நன்றாகத்தான் பேசினார். கூட்டம் கூடிவிட்டது.

கண்ணாடி போட்ட ஒருவர் காதைச் சொறிந்தார்.

பின்னாலிருந்த அம்மாள் தோளைச் சொறிந்தார்.

கல்லூரிப் பெண்கள் ஒருத்தி முதுகை இன்னொருத்தி.

தனக்கோட்டி பேச்சை நடுவில் நிறுத்தினார். வேட்டியைச் சற்றுத் தூக்கினார். கெண்டைக்காலைப் பறபறவென்று சொறிந்தார். பிறகு மற்றக் காலை. பிறகு கழுத்தை.

அந்த வாசலில் சொறியாமல் நின்றவன் ஒரே ஒருவன். சர்க்கரைக்காரன்.

மணிக்கூண்டில் ஐந்து அடித்தது. ஒரு மணி நேரம் முடிந்தது.

“பாப்பா, மாப்ள மனுசனே இல்ல.” மச்சானின் குரலில் பாதி தோல்வி, பாதி மரியாதை.

அவள் கைப்பேசியை அண்ணனிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வந்து அவன் பக்கத்தில் நின்றாள், ஊர் பார்க்க வந்தவளைப் போல.

ஒரு கை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்ததால் தனக்கோட்டிக்குப் படம் ஆடியது. ஆடாமல் நிற்கச் சொல்லி அவர்களை அதட்டினார்.

ஓர் ஈ வந்து அவள் மூக்கின் மேல் உட்கார்ந்தது.

“எடுத்தாச்சு பாப்பா, வா.”

ஈ பறந்துபோன பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.