மகனுக்கு ஒரு டோக்கன்

“ரெண்டு டோக்கனை வச்சுக்கிட்டு ஒரே ஆள் நிக்கிறீங்களே, நியாயமா அக்கா?” என்று கேட்டார் மீன்கடை உஷிஜிமா.

துறைமுகத்துப் பொதுமன்றத்தில் நீண்ட வரிசை. யாருக்கு மாரடைப்பு வரும் என்று மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் ஆராய்ச்சிக்காக, டாக்டர் மிசோகுச்சியின் குழு ரத்தம் எடுக்க வந்திருந்தது.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு என் பையன் மொதோஹாருவுக்கு” என்றாள் செட்சுயோ. ஊருக்குப் புதியவள். சலவைக்கடை வைத்திருக்கிறாள்.

“எங்கே ஆளைக் காணோம்?”

“அவனால வர முடியாது.”

“ஏன், ஊசின்னா பயமா?”

“சின்னதுல ரொம்பப் பயப்படுவான்.”

பின்னால் சிரித்தார்கள்.

“அம்மாவை நிக்க வச்சிட்டுப் பிள்ளை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கறான் போல” என்றது ஒரு குரல்.

செட்சுயோ திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் முறை வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, இரண்டாவது டோக்கனை மேஜைமேல் வைத்தாள்.

“நேர்ல வராம பதிவு பண்ண முடியாதும்மா” என்றார் டாக்டர்.

“எப்படியாவது சேர்த்துக்குங்க டாக்டர். அவனுக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்கு அவளுக்கு ஆபத்து உண்டா இல்லையான்னு நீங்கதானே சொல்லப் போறீங்க?”

“அவருக்கு உடம்புக்கு என்ன?”

“மாரடைப்பு. முப்பத்தெட்டு வயசுல.”

டாக்டருக்குக் கோபம் வந்தது.

“அப்ப அவரைத்தான் முதல்ல கூட்டிட்டு வந்திருக்கணும். எங்க போனாலும் இதே கதைதான். திடமா நடமாடறவங்க வந்து ரத்தம் கொடுக்கறாங்க, நோய் வந்தவங்க வர்றதில்லை. வந்தவங்களை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா, ஊர்ல எல்லாருக்கும் இதயம் நல்லா இருக்குன்னுதான் வரும். அந்தத் தப்புக் கணக்கைத்தான் உங்க பேத்திக்கும் சொல்லுவேன். பெத்தவனுக்குக் கொஞ்சம் பொறுப்பு வேணாமா?”

அவர் சொன்னதை ஒப்புக்கொள்வதுபோல் செட்சுயோ தலையசைத்தாள். பையிலிருந்து சின்ன மரப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். உள்ளே, பஞ்சின்மேல் காய்ந்து சுருண்டு கிடந்தது ஏதோ ஒன்று.

“அவன் பிறந்தப்ப எடுத்து வச்ச தொப்புள்கொடி டாக்டர். எரிச்சது போக அவன்ல மிச்சம் இது ஒண்ணுதான். இதுல பார்க்க முடியுமா?”