கையை எடுத்தால் போய்விடும் படம்

"எங்கப்பா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேங்கிறீங்க. அவரு குடுத்த டிவிய மட்டும் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே?" என்று தமயந்தி ஒருமுறை கேட்டிருந்தாள்.

"உங்கப்பா மாதிரி இந்த டிவி என்னைய பந்தியிலேருந்து எழுப்பிவிடலையே" என்றான் ஞானசேகர்.

அதற்குப் பிறகு அவள் பேச்செடுக்கவில்லை. புருஷன் இல்லாமல் தனியாகப் போய் நிற்கவும் மனம் வரவில்லை.

சீரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு ஆண்டெனா வழியாக வருவது மட்டும்தான் புரியும். பிற்பாடு டிவிடியில் ஏற்றிய தங்கள் கல்யாண வீடியோவை அதில் ஓட்ட, டிவிடி படத்தை ஆண்டெனா அலையாக மாற்றித் தரும் மாடுலேட்டர் ஒன்றை அவனே செய்துகொண்டிருந்தான். மாதக்கணக்கில் திரையில் வெறும் புள்ளிகள்தான் வந்தன. மாடுலேட்டரில் இருந்த கம்பிச்சுருளை இழுத்தான், நெருக்கினான், பிரித்து மறுபடி சுற்றினான். இன்று படம் வந்தது. சுருளருகிலிருந்து கையை எடுத்ததும் போய்விட்டது. வைத்தால் வந்தது, எடுத்தால் போனது.

"சனியன்! தமயந்தி, இங்க வா. கைய இப்படியே வெச்சுக்க. அசையாத."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள், சுருளின் மேல் கையைக் குடைபோல் பிடித்தாள். அவன் திரைக்கு முன்னால் ஓடினான். திரையில் அவள் அப்பா அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சு! எடுத்துறாத!"

தோள்வரை வலித்தது. அவள் எடுக்கவில்லை.

"ஏங்க, எங்கப்பா உசுரோட இருக்கையிலேயே நான் அவரைப் பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போங்க."