தட்டில் இடிக்காத கதவு

அந்த அம்மா கைப்பையிலிருந்து அரக்குப் பூசிய மரத்தட்டு ஒன்றை எடுத்து, வண்டிக்குள் இருந்த படுக்கையறைக் கதவின் முன்னால் தரையில் வைத்தார்.

பிறகு கதவைத் திறந்தார். கதவு தட்டில் இடித்து நின்றது.

“இதுவும் வேண்டாம்,” என்றார்.

காலையிலிருந்து எல்லா வண்டிக்கும் இதே சோதனைதான். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

ஜப்பானின் நாகஓகாவில், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வீட்டு வண்டி விற்கிறவன் நான். ஓய்வு பெற்ற தம்பதிகளால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கணவருக்கு எஞ்சினைக் காட்டவேண்டும், மனைவிக்கு அடுப்பைக் காட்டவேண்டும், வடக்கே ஹொக்கைதோவில் பனி உருகும் அழகை இருவருக்கும் சொல்லவேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இன்று வந்த ஹிருமா ஐயா எஞ்சினைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி யாசுயோ அம்மா அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. இருவரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளேயிருந்து பூட்டிக்கொள்கிற ஓர் அறை.

“ஐயா குறட்டை விடுவாரோ? உள்ள தள்ளிப் பூட்டிடலாம்னு பாக்குறீங்களாம்மா?”

இதற்குச் சிரிக்காத தம்பதியை நான் பார்த்ததில்லை. இவர்கள் சிரிக்கவில்லை.

ஐயா பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்து, வண்டியின் பின்கதவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். முடிச்சு, அவர்கள் வீட்டு ஜன்னலின் உயரமாம். வண்டியை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினால் தரையில் கால் படாமல் உள்ளே ஏறிவிட முடியுமா என்று கேட்டார்.

வாசல் இருக்க ஜன்னல் எதற்கு? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு வீடு வாடகைக்குப் பார்க்கலாமே என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

“வீடெல்லாம் ஆகாது தம்பி. ஆத்தங்கரைய அகலப்படுத்துறாங்க, மாசக் கடைசியில எங்க வீட்ட இடிக்க வந்துடுவாங்க. இன்னைக்கு வண்டி கிடைக்கலேன்னா நாங்க எங்க போறதுன்னே தெரியல,” என்றார் ஐயா.

சுருட்டிய கயிற்றை மறுபடியும் பிரித்துச் சுருட்டினார். யாசுயோ அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வண்டி வாங்க வந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. என் கேலியெல்லாம் அடங்கிப்போனது.

கொல்லைப்புறத்தில், வேலியோரம், பழைய வண்டி ஒன்று விலை போகாமல் கிடந்தது. பறவைகளைப் படம் பிடிக்கிற ஒருவர் கட்டிக்கொண்டது. விடியற்காலையில் வேலை செய்து பகலில் தூங்குகிறவர் என்பதால், வெளிச்சம் புகாத ஓர் அறையை உள்ளே அடைத்து வைத்திருந்தார். யாரும் அதை விரும்பவில்லை. குகை மாதிரி இருக்கிறது என்பார்கள்.

இருவரையும் அங்கே கூட்டிப்போனேன். ஐயா கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். முடிச்சு பின்கதவுக்குச் சரியாக வந்து நின்றது.

அறைக்கதவு பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

“தம்பிக்கு என்ன வயசு?” என்று திடீரென்று கேட்டார் யாசுயோ அம்மா.

“முப்பத்தாறும்மா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு, கொஞ்சம் படுத்துப் பாக்குறீங்களா?”

விற்றால் சரி என்று படியில் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன். கண்ணில் குத்தினாலும் தெரியாத இருட்டு. படுக்கையில் நீட்டிப் படுத்தேன்.

“கால் இடிக்குதா?” ஐயாவின் குரல்.

“எனக்கே இடிக்கல. உங்களுக்குத் தாராளம்யா.”

கொஞ்ச நேரம் கழித்து, கதவில் மெதுவாக இரண்டு தட்டு கேட்டது.

“சாப்பாடு வச்சிருக்கேம்ப்பா. நாங்க போயிடுறோம்,” என்றார் யாசுயோ அம்மா.

ஒருவர் நடந்தாலும் ஆடுகிற அந்த வண்டி லேசாக அசைந்தது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து கதவைத் தள்ளினேன். கதவின் முன்னால் தரையில் அந்த மரத்தட்டு இருந்தது; கதவு அதில் இடிக்கவில்லை. அதில் கடற்பாசி சுற்றிய ஒரு சோற்று உருண்டை, ஒரு கிண்ணத்தில் குடுவையிலிருந்து ஊற்றிய சூப். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

படியில், தாறுமாறாக எறிந்த என் காலணிகளை யாரோ ஜோடி சேர்த்து, வெளியே பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் கால் நுழைத்ததும் கிளம்பிப் போகலாம்.

இருவரும் தள்ளி, உருகும் பனிச்சேற்றில், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பார்த்தால் யாராவது கூச்சப்படுவார்கள் என்பது போல நின்றார்கள்.

“கதவு நல்லாத் திறக்குதுங்க,” என்றேன்.

யாசுயோ அம்மா திரும்பினார். வாசலில் நின்ற என்னை உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

“என்னங்க, நம்ம பையன் கோஹெய்யும் இப்ப இவ்வளவு உயரம் இருப்பானா?”

ஐயா திரும்பவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷத்துக்கு முன்னாடி, பள்ளிக்கூடச் சட்டையோட அவன் அறைக்குள்ள போய்க் கதவச் சாத்தினப்போ என் தோள் உயரம் இருந்தான்.”