நாலாம் நம்பர் கேமரா

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பழவங்காடிப் பிள்ளையார் நடையில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்துச் சத்தியம் பண்ணலாம். அத்தனையும் விஜயம் தன் வாயால் சொன்னது.

மணி ஒன்றரை. விஜயத்துக்குப் பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

வலியசாலை அக்ரகாரத்தில் அவள் வீட்டில் அன்று திவசம். பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, காக்காய் வந்து பிண்டத்தைக் கொத்தின பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். அதுவரை யாருக்கும் ஒன்றும் கிடையாது.

ஆனால் அது திவச வீடு மாதிரியா இருந்தது?

ஒரே மகள் மீரா டொரொன்டோவில். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக் காட்டினால் போதும் என்று அப்பாவிடம் கெஞ்சியிருந்தாள். ஏ.ஜி. ஆபீஸில் ரிட்டையரான வெங்கடசுப்ரமணியனுக்கு அது போதவில்லை. ஒரு மாதம் யூடியூபில் உட்கார்ந்து படித்தார். நாலு கேமரா, எட்டு விளக்கு, படத்தை மாற்றி மாற்றி அனுப்ப ஒரு ஸ்விட்சர் என்று வீட்டையே டிவி ஸ்டேஷன் ஆக்கினார். ஸ்விட்சரைத் தட்டுவதற்குப் பிரதீஷ் என்று ஒரு கல்யாண வீடியோக்காரன்.

விஜயத்துக்கு இந்தக் கூத்து முதல் நாளிலிருந்தே சகிக்கவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தாள். முப்பத்தாறு வருஷமாக அவள் பேச்சைக் காதில் வாங்காத மனுஷர் இப்போது மட்டும் வாங்கிவிடுவாரா?

முதலில் கேபிள்.

அடுப்படிக்குள் போகிற கேபிள் தீட்டுப் படாமல் மடியாக இருக்க வேண்டாமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முந்தின நாளே முப்பது மீட்டரையும் வாளித் தண்ணீரில் முக்கி, கழியால் தூக்கி, யார் கையும் படாத உயரத்தில் கொடியில் உலர்த்தினார். காலையில் அதைப் பார்த்த பிரதீஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நனைந்த கேபிளின் புண்ணியத்தில் அன்று முழுக்க அடுப்படி கேமராவில் எல்லாமே பச்சை. சமையலுக்கு வந்த கிருஷ்ணவேணி மாமி பச்சை. அவள் தட்டின வடை, குளத்துப் படியில் பாசி பிடித்த கல்.

ஆங்கிள் சரியில்லை என்று அதே வடையை மூன்று தடவை எண்ணெயில் போட்டு எடுக்கச் சொன்னார். மூன்றாம் தடவை அது செருப்புத் தோலாக வந்தது. சேப்பங்கிழங்கை மாமி முழுசு முழுசாக வேகப்போட்டிருந்ததையும் விஜயம் கவனித்தாள். தன் அடுப்பில் இப்படி ஒரு அநியாயம் நடக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அப்புறம் மைக்.

மேலே சட்டை கிடையாது, எதில் குத்துவது? பூணூலில் குத்திக்கொண்டார். தோள் மாற்றிப் பூணூலை இடம் பண்ணிக்கோங்கோ என்று சாஸ்திரிகள் சொல்லும்போதெல்லாம் மைக் வழுக்கிக்கொண்டு போய் அவர் அக்குளில் ஒண்டியது. கடல் தாண்டிப் போனது மந்திரம் இல்லை, ஒரு கிழவரின் அக்குள். சேற்றில் எருமை புரள்கிற மாதிரி கேட்கிறது என்று மீரா எழுதியனுப்பினாள். அவர் அதைப் படித்துவிட்டு வால்யூமைக் கூட்டச் சொன்னார்.

இதோ, இப்போது போஜனம்.

தர்ப்பைப் பவித்ரம் போட்ட விரலால் ஒன்று, மூன்று என்று அவர் ஜாடை காட்டக் காட்ட, பிரதீஷ் படத்தை மாற்றினான். கூடத்துச் சுவரில் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி. அதில் ஒரு பிராமணரின் வாய் மட்டும் கோயில் கதவு அகலத்துக்குத் திறந்து திறந்து மூடியது. ரசம் முழங்கை வரைக்கும் ஒழுகி, அங்கே கொஞ்ச நேரம் தொங்கி, மறுபடி நாக்குக்கே ஏறிப் போனது. பல்லிடுக்கில் ஒரு எள்ளு. அதையும் க்ளோசப்பில் எடுத்தான்.

விஜயம் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்திலும் ஒரு மானிட்டர்.

எட்டு விளக்கின் சூட்டில் இலைகள் சுருண்டுபோயின. பாயசம் ஏடு கட்டி, அதில் ஒரு ஈ விழுந்து, அதுவும் டொரொன்டோவுக்குப் போனது. இத்தனைக்கும் பசி மட்டும் போகவில்லை. இந்தப் பிண்டம் ஒன்று முடிந்தால் போதும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பிராமணர்கள் எழுந்தார்கள். வெங்கடசுப்ரமணியன் பிண்டத்தை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினார். மூச்சு வாங்கியபடி பின்னால் பிரதீஷ்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நாலாம் நம்பர் கேமரா. காக்காய்க்கென்றே வாங்கியது.

பிண்டத்தை வைத்துவிட்டு ஒரு தரம்தான் கை தட்டினார். அடுத்த நொடியே ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தது. அலகைத் திறந்து சோற்றின் மேல் குனிந்தது.

"சாரே, ஃபோகஸ் ஆயிட்டில்லா கேட்டோ," என்றான் பிரதீஷ் மலையாளத்தில், மங்கலாக விழுந்த படத்தைக் காட்டி.

வெங்கடசுப்ரமணியன் இடுப்புத் துண்டை உருவி ஓங்கினார். "சூ, சூ. செத்த நாழி கழிச்சு வா. திரும்ப எடுக்கணும்."

காக்காய் எழும்பிப் பறந்துவிட்டது.

பிரதீஷ் ஃபோகஸைச் சரிபண்ணினான். அவர் கை தட்டினார். கூப்பிட்டார். உள்ளங்கை சிவந்து தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டார். தெருக்கோடித் தென்னையில் நாலைந்து உட்கார்ந்திருந்தன, ஒன்றும் அசையவில்லை. யாரும் தொடாத சோற்றை நாலாம் நம்பர் கேமரா கண்ணாடி மாதிரி துல்லியமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

பிரதீஷின் லேப்டாப்பிலிருந்து மீராவின் குரல் வந்தது.

"ஏம்ப்பா விரட்டினேள்?"

விஜயம் ஒரு பருக்கைகூடத் தின்னாமல் போய்விட்டாள். இனி அந்த மனுஷர் தங்கத் தட்டில் வைத்துக் கூப்பிட்டாலும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவள் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை, வெறும் அருவருப்புதான்.

விஜயம் செத்துப்போய் அன்றோடு ஒரு வருஷம்.