பிரசவ வார்டு மெஷின்

"மேடம், இது பெரிய டாக்டர் காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு!"

பிரசவ வார்டிலிருந்து ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"விழட்டும் சிஸ்டர். நான்தான் கொண்டுவரச் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்றாள் டாக்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய டாக்டர் சொன்னதுதான் சட்டம். நெஞ்சைச் சோதிக்க ஸ்டெதஸ்கோப் போதும் என்பார். போன மாதம் இவள் ஸ்கேன் பேச்சை எடுத்ததும், "நுரையீரல்ல என்னம்மா தேடப்போற, இரட்டைக் குழந்தையா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டார். அன்று வாய்விட்டுச் சிரித்தவர்களில் இந்த நர்ஸும் ஒருத்தி.

இன்று யார் சிரித்தாலும் இந்த டாக்டரம்மா விடுவதாக இல்லை. ஓரக் கட்டில் நோயாளிக்குச் சுவாசக் குழாயை ஏற்கெனவே ஒருமுறை எடுத்துப் பார்த்தாகிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி, அடித்துப் பிடித்து மறுபடியும் போட்டார்கள். இன்னொரு தடவை அப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம்.

"மானிட்டர்ல நம்பரெல்லாம் நல்லாத்தானே இருக்கு மேடம்? எடுத்துடலாமே?"

"போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு."

வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்து, அவரைத் தானாக மூச்சுவிட வைத்தாள். சற்றுப் பொறுத்து விலாவில் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் வெள்ளைக் கோடுகள் சரம் சரமாக இறங்கின.

"பாருங்க சிஸ்டர். இந்தக் கோடெல்லாம் நீர்தான். வென்டிலேட்டர் துணை குறைஞ்சதும் நுரையீரல்ல கோத்துக்குது. அன்னைக்கு நம்மளைக் கவுத்தது இதுதான். குழாய் இன்னைக்கு இருக்கட்டும். முதல்ல மருந்து கொடுத்து நீரை இறக்குவோம்."

மறுநாள் அதே சோதனை. மருந்து வேலை செய்திருந்தது. திரையில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குழாயை உருவினாள். நர்ஸ் பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நோயாளி இருமினார். மூச்சு இழுத்தார், விட்டார், மறுபடியும் இழுத்தார். வெகுநேரம் பார்த்தும் திணறல் இல்லை.

அவர் மெல்லத் திரும்பி, பக்கத்தில் நின்ற ஸ்கேன் மெஷினை முறைத்தார்.

"என் வார்டுக்குள்ள... இந்தச் சனியனை... யாரும்மா கொண்டுவந்தது?" என்று கரகரத்தார் பெரிய டாக்டர்.

"நான்தான் சார்" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க. சளியெல்லாம் வெளிய வரட்டும்!"