என் வானமே!

மெக்சிகோவின் புவேப்லா நகரில் எர்லிண்டா பீன்ஸ் வேகவைத்துக் கொண்டிருந்தபோது, கணவன் ஃபிடென்சியோ போன் செய்தான்.

"என் வானமே, என் உயிரே... இன்னிக்குக் கடையில வேலை ஜாஸ்தி. வர லேட்டாகும். நீ சாப்பிட்டுடு."

எர்லிண்டா அடுப்பை அப்படியே விட்டாள். பக்கத்து வீட்டு தெல்ஃபினாவிடம் ஓடினாள்.

"அக்கா, அவரை யாரோ மிரட்டுறாங்க!"

"என்னடி உளறுற? புருஷன் அன்பா நாலு வார்த்தை பேசினா மிரட்டலா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை 'கோர்தா'ன்னுதான் கூப்பிடுவார். 'என் குண்டு'ன்னு ஒரு கொஞ்சல். கோபம் வந்தாலும் கோர்தாதான். இன்னிக்கு வானம், உயிருங்கிறாரே! பக்கத்துல எவனோ துப்பாக்கியோட நிக்கிறான்க்கா. எனக்கு ஜாடையா சொல்றார்!"

தெல்ஃபினாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளே போலீசுக்குச் சொன்னாள். போலீஸ் ஃபிடென்சியோவின் டயர் கடைக்கு விரைந்தது. எர்லிண்டா தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டு அழுதாள்.

ஒருவழியாக போன் வந்தது.

"கதவை உடைச்சுப் போயிட்டோம்மா. உங்க வீட்டுக்காரர் பத்திரமா இருக்கார்."

"பக்கத்துல இருந்தது யாரு சார்?"

இன்ஸ்பெக்டர் தயங்கினார்.

"ஒரு லேடிம்மா. எங்களைப் பார்த்து பயந்து அழறாங்க. 'அழாத கோர்தா, அழாத'ன்னு உங்க வீட்டுக்காரர்தான் சமாதானப்படுத்திட்டிருக்கார்."