இருவர் ஆட்டம்

உட்காரும் முன் அவன் தரையைக் கையால் தட்டிவிட்டான்.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்காதவள்போல் ஒயரை இழுத்து, இரண்டாவது ரிமோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

புதுக் கைலி. மடிப்பு இன்னும் கலையவில்லை. அவன்மேல் வேறு வீட்டுச் சோப்பின் வாசம்.

"இன்னுமா இது ஓடுது?" என்றான் காக்கா.

போன நோன்புக்கு முன்புவரை தினமும் ஆடியவன் கேட்கிற கேள்வி.

வாப்பா ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்த டி.வி. கேம் அது. கேசட்டின் மேல் சீன எழுத்து. ஆட்டத்தின் பெயர் அண்ணன் தங்கை இருவருக்கும் தெரியாது. கப்பல் என்பார்கள். கறுப்பு வானம். அடியில் இரண்டு கப்பல்கள். மேலேயிருந்து ஓயாமல் இறங்கிவரும் பகை.

சிவப்பு அவனுடையது. நீலம் அவளுடையது.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான்.

இரண்டு தெரு தள்ளித்தான்.

இதற்கா அழுகிறாய் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் போன பிறகு அவள் ஒரு மதியம் தனியாக ஆட உட்கார்ந்தாள். ஒருவர் ஆட்டத்தில் நீலக் கப்பல் வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தனியாக ஆடுகிறவர் யாராக இருந்தாலும் சிவப்புதான்.

அவன் கப்பலை ஓட்ட அவளுக்குக் கை வரவில்லை. அணைத்துவிட்டாள்.

இன்று இருவர் ஆட்டம்.

முதல் கட்டத்திலேயே அவன் தடுமாறினான்.

"மேல வருது காக்கா, மேல!"

"தெரியுது புள்ள, கத்தாதே."

"தெரிஞ்சா சுட வேண்டியதுதானே. சும்மா இருந்து தின்னு தின்னு மாப்புள கை ஆயிடுச்சு."

சிரித்துவிட்டான். சிரிப்பில் ஒரு கப்பல் போயிற்று.

பிறகு கை பழகியது. கப்பல் சாயும்போது அவனும் சாய்ந்தான். எப்போதும் அப்படித்தான். இடப்பக்கம் ஒதுங்கும்போது அவன் தோள் அவள் தோளில் வந்து இடிக்கும். இடித்தது. வலிக்கிற மாதிரி இடித்தது. அவள் நகர்ந்து உட்காரவில்லை.

உம்மா தேநீர் கொண்டுவந்தாள். கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த பீங்கான் கோப்பை. அடியில் தட்டு.

"மஃரிபு பாங்குக்கு முந்திப் போயிரு மூஸா. அங்க தேடுவாங்க."

"சரிம்மா."

வாசல் வெளிச்சம் அதற்குள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

கடைசிக் கட்டத்தை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கப்போவதில்லை. அதற்காக அவள் அவனைப் பிடித்து உட்காரவைக்கவும் இல்லை. இந்த ஒரு மதியம் அவன் பழைய காக்காவாக இருந்துவிட்டுப் போனால் போதும்.

நான்காம் கட்டத்தில் சிவப்புக் கப்பல் வெடித்தது.

அதுதான் அவனுடைய கடைசி லைஃப். திரையின் அவன் பக்கம் வெறுமையாயிற்று.

அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது. மிச்சம் வைத்துத்தான் ஆடிவந்தாள்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழி உண்டு. லைஃப் தீர்ந்தவர் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினால் மற்றவருடையதிலிருந்து ஒன்று இந்தப் பக்கம் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் அவளைக் கொள்ளையடித்துக்கொண்டே இருந்தான். எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். கத்துவாள். தொடையில் கிள்ளுவாள். "உம்மா, திருடுறாங்க!" என்று வீடு அதிர அழுவாள். அடுப்படியிலிருந்து உம்மா இருவரையும் சேர்த்து ஏசுவாள். அவன் அதற்குள் அடுத்ததையும் எடுத்திருப்பான்.

அவள் காத்திருந்தாள்.

நீலக் கப்பலை ஓர் ஓரத்தில் ஒதுக்கி, சுடாமல், வருவனவற்றுக்கு விலகி விலகி நின்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கெட்டுவிடும். ரிமோட்டைப் பிடித்திருந்த விரல்களில் இரண்டு கிள்ளுவதற்கு ஆயத்தமாக இருந்தன.

எடு.

ஒன்றும் நடக்கவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கட்டைவிரல்கள் பொத்தான்கள்மேல்தான் இருந்தன. அமுக்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ருக்கையா, உங்கிட்டேருந்து ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.

சிவப்புக் கப்பல் அடியிலிருந்து மெல்ல ஏறி வந்து அவளுடையதன் பக்கத்தில் நின்றது.

அடுத்து நன்றி சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் சுடத் தொடங்கினாள். அந்த நொடி மேலே எதுவும் வரவில்லை. வெற்று வானம். சத்தம் விட்டுப்போகாதபடி சுட்டுக்கொண்டே இருந்தாள்.